நகராத சுவர்

வீட்டுக்குள் காந்தம் வரக்கூடாது என்று சட்டம் போட்டவன் மருதாசலம். அதை மீறியவனும் அவன்தான். வேறு யாராவது மீறியிருந்தால் அவர்களை நாலு ஏச்சு ஏசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பான். தன்னைத்தானே ஒரு மனுசன் எத்தனை நாள் ஏசுவது?

கோவை கணபதியில் வீட்டின் முன்பக்கமே அவனுக்குப் பட்டறை. ஸ்கூட்டர், ட்ரோன், மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் என்று சுற்றுகிற எதற்கும் மோட்டார் கட்டித் தருவான். இந்தக் காலத்து மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தை லேசாக நினைக்கக்கூடாது. நகமளவு துண்டு, சுத்தியலைத் தூக்கிவிடும். இரண்டு துண்டுக்கு நடுவில் விரலை விட்டவன் அம்மா என்று அலறாமல் எடுத்ததில்லை. அந்த வீட்டில்தான் அவன் மனைவி கோகிலவாணியும் இருந்தாள், தலைக்குள் ஒரு படலத்தோடு.

கோகிலாவுக்குச் சின்ன வயசிலிருந்து வலிப்பு. காலேஜில் படிக்கும்போது, வலிப்புக்கு ஊற்றாக இருந்த ஓரத்தை மூளையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு காந்தப் படலத்தைப் பதித்தார்கள். கனம் என்று பார்த்தால் நாலைந்து அணு, அவ்வளவுதான். போன ஓரத்தின் வேலையை அது எடுத்துப் பார்த்தது. அதற்கப்புறம் அவள் பார்த்த முகம், பட்ட பாடு, சிரித்த சிரிப்பு அத்தனையும் அதில்தான் குடியேறியது. வலிப்பும் நின்றது.

இப்படிப்பட்ட பெண்ணை மோட்டார் பட்டறைக்காரன் கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று அவனைப் பெற்றவளே கேட்டாள். "நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு" என்றான். பார்த்தும் கொண்டான். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினான். வீட்டுக்குள் போகவேண்டுமென்றால் தெருவுக்கு வந்து, குழாயடியில் கை கழுவி, சட்டை மாற்றி, பாக்கெட்டைத் தட்டிப் பார்த்து, சுற்றிக்கொண்டுதான் போவான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளும் தப்பியதில்லை.

அந்த ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. படலம் அவ்வளவு மெல்லிசாக இருப்பதால் சூடு ஏறினால் தடுமாறும், ஈரத்துணி போட்டு இறக்குங்கள் என்று ஆஸ்பத்திரியில் முன்னமே சொல்லியிருந்தார்கள். போட்டான். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும், பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்காவை உட்காரவைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனான். காத்திருந்த ஒருவனுடைய மோட்டாரில், சுற்றுகிற ரோட்டர் உருளைமேல் காந்தத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா கத்தியது கேட்டது.

"மருதூ! கோகிலாளுக்கு இழுக்குதுடா! இரும்பு எடுத்துட்டு ஓடியா!"

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஆனாலும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் விழுந்தால் பத்துப் பேர் சாவிக்கொத்தை உருவிக்கொண்டு ஓடுவார்கள். நம்ம ஊர் ரத்தத்தில் அது ஊறியிருக்கிறது. மருதாசலம் ஓடினான். குழாயடி, சட்டை, பாக்கெட் எதுவும் ஞாபகமில்லை. கையில் இருந்ததை அவள் கையில் திணித்தான். அவள் இறுக்கிப் பிடித்தாள். வலிப்பில் கை மடங்கி, ஒருக்களித்துப் படுத்தவளின் முஷ்டி நேராகக் காதுக்குக் கீழே போய் நின்றது.

அப்போதுதான் தான் கொடுத்தது என்னவென்று அவனுக்கு உறைத்தது. ஐயோ என்று விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். வலிப்பில் இறுகிய கையை யாரால் பிரிக்க முடியும்?

சித்த நேரத்தில் எல்லாம் அடங்கியது. கோகிலா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். சேலையை இழுத்து ஒழுங்காகப் போர்த்திக்கொண்டாள்.

"ஏனுங்ணா, கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?" என்றாள்.

காய்ச்சல் வேகத்தில் புருசனை அண்ணன் என்கிறாளே என்று பாக்கியத்தக்கா சிரித்துவிட்டாள். மருதாசலம் சிரிக்கவில்லை. தண்ணீர் மோந்த சொம்பு கையிலிருந்து விழுந்தது.

*

டாக்டர் நஸ்ரீன் உக்கடத்துக்காரர். படலத்தைப் பதிக்கிற நாலு டாக்டர்களில் ஒருவர். திரையில் கோகிலாவின் படலத்தைக் காட்டினார். முன்பு எடுத்த படத்தில் கறுப்பும் வெள்ளையுமாக வளைந்து நெளிந்து, சந்து சந்தாக ஓடிக்கொண்டிருந்த கோடுகள். இப்போது எடுத்ததில் ஒரே வெள்ளை.

"இதைக் களம்னு சொல்லுவோம். நீங்க தெருன்னு வெச்சுக்கங்க" என்றார். "இந்தத் தெருவுல இருக்கற அணு எல்லாம் கிழக்கப் பாத்து நிக்கும். அடுத்த தெரு மேக்கப் பாத்து நிக்கும். நடுவுல ஒரு சுவர். ஞாபகம்ங்கறது இந்தச் சுவருங்க எங்கெங்க நிக்குதுங்கறதுதான்."

"மேக்னட் என்ன பண்ணுச்சுங்க?"

"தேர் வந்தா என்ன பண்ணுவோம்? எந்தத் தெருக்காரரா இருந்தாலும் அந்தப் பக்கந்தானே திரும்பிப் பாப்போம்? எல்லாம் ஒரே பக்கம் திரும்பிருச்சு. அப்பறம் ஏது தெரு, ஏது சுவர்?"

"திரும்ப வராதுங்களா?"

"படலத்துல அலை விடலாம். ஒரு அணு லேசா ஆடும், அது பக்கத்து அணுவை ஆட்டும், அப்படியே போகும். யாரும் இடம் மாறமாட்டாங்க, சேதி மட்டும் போய்ச் சேரும். எங்கயாவது மிச்சமீதிச் சுவர் ஒட்டிட்டு இருந்தா, அலை வர்ற பக்கமா அது ஊர்ந்து வரும். வாரா வாரம் கூட்டிட்டு வாங்க. ஆனா சார், நம்பிக்கை குடுக்கமாட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். நஸ்ரீன் தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஸ்பீக்கர் கிட்டப் போகாதீங்க, இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம்னு எல்லாம் சொன்னோம். வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்காதீங்கன்னு சொல்லத் தோணலை. வலிப்பே வராதுன்னு இருந்துட்டோம். என்னைப் பெத்த அத்தாவுக்கும் வலிப்பு உண்டு. நாங்க பூட்டைக் குடுப்போம். நான் டாக்டருக்குப் படிச்ச அப்பறமும் குடுத்திருக்கேன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

கோகிலாவுக்குப் பேச்சு இருந்தது, சமையல் இருந்தது. பொள்ளாச்சியில் வளர்ந்த வீடு, அம்மா, தம்பி தரணி, காலேஜ் எல்லாம் பழைய மூளையில் இருந்தன. படலம் வைத்ததற்கு அப்புறம் வந்தவைதான் போய்விட்டன. கண்ணாடியைப் பார்த்து, "நரை வந்திருச்சு, நான் இன்னும் பரீட்சையே எழுதலியே" என்று அழுதாள். கல்யாண போட்டோவைக் காட்டினால் அதிலிருந்தவள் தான்தான் என்று ஒத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவனை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லவராட்டந்தான் தெரியறீங்ணா" என்றாள்.

போனவற்றில் இன்னொன்றும் இருந்தது. அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். சாதனா. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது டெங்குவில் போனாள்.

அந்தச் சாவுக்கப்புறம் கோகிலா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. குளிக்கவும் சொல்லித்தான் குளிப்பாள், தின்னவும் சொல்லித்தான் தின்பாள். ஒரு வருசம் போல ஆனபிறகும் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். இப்போது அந்தப் பாரம் அவள் தலையில் இல்லை. இருந்ததே தெரியாமல், தரணி வாங்கி வந்த பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

மருதாசலம் மைத்துனனை வெளியே கூட்டிப் போனான்.

"மாப்ள, பாப்பா விசயத்தை அவகிட்டச் சொல்ல வேண்டாம்."

தரணி திடுக்கிட்டான். "அதெப்பிடிங் மச்சான்? பெத்தவகிட்டயே எப்பிடிங்க மறைக்கறது?"

"அவளை அழவெச்சுப் பாக்க எனக்கு இன்னொருக்காத் தெம்பில்ல. என்ற புத்திகெட்ட கையால அவளுக்கு ஆன ஒரே ஒரு நல்லது இதுதான். இதையும் கெடுக்கச் சொல்றியா?"

தரணி துண்டால் மூக்கைத் துடைத்தான்.

அன்றைக்கே வேலை நடந்தது. போட்டோக்களை இறக்கினான். பாப்பாவின் சைக்கிள், பை, சின்னக் குடை எல்லாம் பட்டறைப் பரணுக்குப் போயின. தெருவில் எல்லோரிடமும் போய்க் கைகூப்பிச் சொன்னான். எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஏணி போட்டு ஏறிப் பட்டறைப் போர்டைக் கழற்றி, அதையும் பரணில் போட்டான். அதில் எழுதியிருந்தது "சாதனா மோட்டார்ஸ்". போர்டு இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுத்துத் தெரிந்தது. பேரில்லாத கடையாகிவிட்டதே என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டபோது, பெயின்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்றான்.

*

பிறகு கதை சொல்லும் காலம். தினம் வேலை முடிந்ததும் கை கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு அவள் எதிரில் உட்காருவான். மருதமலை அடிவாரத்தில் பெண் பார்த்தது, கல்யாணத்தன்று பந்தல் நனைந்து ரசத்தில் மழைத்தண்ணி விழுந்தது, ஊட்டிக்குப் போகிற வழியில் அவன் வாந்தி எடுத்தது எல்லாம் சொன்னான்.

"அப்பறமும் நான் உங்ககூடக் குடும்பம் நடத்துனனுங்களா?" என்பாள்.

"நடத்துனியே."

"பெரிய மனசுதானுங்க எனக்கு."

அவனுக்குச் சிரிப்பு வரும். இப்படித்தான் முன்பும் வாயடிப்பாள். அண்ணா என்பது கொஞ்சங்கொஞ்சமாகப் போய் ஏனுங்க என்று ஆனது. முன்பு மாமா என்று கூப்பிடுவாள். அதைச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. வந்தால் தானாக வரட்டும் என்று விட்டுவிட்டான்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்தவள், கூச்சத்தோடு அடிவயிற்றைத் தொட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, இங்க ஒரு தழும்பு இருக்குதே. அது என்னுங்க?"

தெருவில் எல்லோர் வாயையும் கட்டியவன் இதை யோசிக்கவில்லை.

"கட்டி ஒண்ணு இருந்துச்சு அம்மிணி. ஆப்ரேசன் பண்ணி எடுத்தாங்க."

"பெரிய கட்டிங்களா?"

"ஆமா. பெருசு."

பட்டறைக்குப் போய், யாரும் கொண்டுவராத மோட்டார் ஒன்றை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதான். அவளுக்குச் சேரவேண்டிய அழுகையையும் அவனே அழுதான். ஒரு பிள்ளையின் சாவை இரண்டு பேராகச் சுமப்பதே கஷ்டம். இவன் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு, வீட்டில் சிரித்த முகமாக நடந்தான்.

வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். அலை விடும்போது அவள் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். முடிந்து எழுந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பான். தன்னைத் தெரிகிறதா, கல்யாணப் பந்தலோ ஊட்டி வழியோ ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பான். கேட்கமாட்டான். "பசிக்குதுங்க" என்பாள் அவள். அன்னபூர்ணாவோ எதுவோ, கண்ணில் பட்ட ஓட்டலில் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவான்.

பங்குனி வெயில் தாழ்ந்த ஒரு பொழுதில், பட்டறையில் இருந்தவன் ஜன்னல் வழியே அவளைப் பார்த்தான். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெரு முக்கைப் பார்த்து நின்றாள். கையில் ஒரு டம்ளர்.

எழுந்து வெளியே வந்தான். "என்ன அம்மிணி, யாரைப் பாக்கற?"

அவனை அவள் பார்த்த பார்வையில், இது கூடவா தெரியாது என்ற சலிப்பு இருந்தது.

"வேன் வர்ற நேரமாச்சுங்க. பாப்பாளுக்குப் பூஸ்ட் ஆத்தி வெச்சிருக்கறேன், ஆறிப்போகுது."

முக்கில் பள்ளிக்கூட வேன் திரும்பியது. அடுத்த சந்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இறங்கினார்கள். வேன் போய்விட்டது. கோகிலா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு லேட்டாட்ட இருக்குது" என்றாள்.

*

"ஒரு மூலையில மட்டும் சுவர் பிழைச்சிருக்கு" என்றார் நஸ்ரீன். திரையில் வெள்ளைக்குள் புதிதாக எழும்பிய கோடுகள் நிறைய இருந்தன. அவன் சொன்ன கதைகள். ஓரத்தில் மட்டும் கறுப்பாக, அழுத்தமாக, சின்னதாக ஒரு வளையம். "படலம் செய்யும்போது அந்த இடத்துல ஒரு வடு விழுந்திருக்கு. சுவர் அதுல மாட்டிக்கிச்சு. காந்தத்துக்கும் அசையலை. அலை போய் எழுப்பி விட்டிருக்கு."

"அதுல என்ன இருக்குதுங்க?"

"ஒரு சாயங்காலம். பாப்பா ஸ்கூல்ல இருந்து வரப்போறா, அவ்வளவுதான் இருக்கும்னு தோணுது. மத்த நேரத்துல தேடமாட்டாங்க."

"கல்யாணம் வரலீங்களா?" கேட்டுவிட்டு வெட்கப்பட்டான்.

"கல்யாணம் ஒரு தடவைதான் சார் நடந்துச்சு. வேனுக்கு நின்னது தினந்தினம். ஆழமா விழுந்திருக்கு."

"பாப்பா செத்தது?"

"அது வேற தெருவுல இருந்திருக்கும். போயிருச்சு."

"இப்ப நான் எடுத்துச் சொன்னா?"

"அன்னைக்குப் பூரா ஞாபகம் இருக்கும். ஆனா தூக்கத்துலதான் படலம் எல்லாத்தையும் அடுக்கி வைக்கும். அந்த மூலைச் சுவர் நகராது. அதோட ஒத்துப்போகாததைத் தள்ளி விட்டுரும். காலைல எந்திரிச்சா சாவு இருக்காது. பாப்பா இருப்பா."

மருதாசலம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டான்.

"முதல்லயே... நான் கதை சொல்ல ஆரம்பிச்சப்பவே பாப்பாளைப் பத்தியும் சொல்லியிருந்தா?"

நஸ்ரீன் திரையை அணைத்தார். "புதுச்சுவர் எழும்பும்போதே சேந்திருக்கும். இதுவும் அதுவும் கோத்துட்டிருக்கும். இப்ப எல்லாம் இறுகிப்போச்சு."

"அப்ப மறுபடியும் நாந்தானுங்களா?"

டாக்டர் வேறு ஒரு வழி சொன்னார். அந்த மூலையை மட்டும் சூடாக்கிச் சுவரை அழிக்கலாம். அப்புறம் வாசலில் நிற்கமாட்டாள். அப்படியொரு பிள்ளை இருந்தது தெரியாமலே நன்றாக இருப்பாள்.

"நீங்க ஆசைப்பட்டதும் அதுதானே? ஆனா அவங்க சம்மதம் இல்லாம நான் தொடமாட்டேன். என்னத்தை அழிக்கறோம்னு அவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் கேக்கணும். சொல்ல வேண்டியது நீங்க."

மறுநாள் வேன் வந்து போனபிறகு அவளை உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தான். பரணிலிருந்து போர்டை இறக்கிக் கொண்டுவந்து அவள் எதிரில் சுவரோடு சாய்த்தான். "சாதனா மோட்டார்ஸ்" என்று அவள் வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"போர்டை ஏனுங்க கழட்டிட்டீங்க? பாப்பா சண்டைக்கு வருவா."

சொன்னான். சுற்றி வளைக்காமல் சொல்ல நினைத்தான், முடியவில்லை. ஐந்தாறு தடவை ஆரம்பித்து, காய்ச்சல் என்ற இடத்தில் நின்று, மறுபடி ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, ரத்தம் ஏற்றியது, விடிகாலையில் நர்ஸ் வெளியே வந்தது வரை சொன்னான். தான் மறைத்ததைச் சொன்னான். மறைத்ததால் ஆனதையும் சொன்னான்.

கோகிலா முதலில் இல்லை என்றாள். பூஸ்ட் டம்ளரைத் தூக்கி எறிந்தாள். நேத்துக்கூட ரெட்டைச் சடை போட்டு விட்டேனே என்றாள். பிறகு அடிவயிற்றைத் தொட்டாள்.

"அப்ப இது கட்டி இல்லீங்களா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். பெற்ற வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகை இருக்கிறதே, அதை எழுதி என்ன ஆகப்போகிறது. பாக்கியத்தக்கா மதில் வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் ஓய்ந்தாள். அவனையே பார்த்தாள்.

"இத்தனை நாளா நீங்க ஒத்தையிலயே அழுதுட்டு இருந்தீங்களா?"

அவ்வளவுதான், மருதாசலம் உடைந்துவிட்டான். பாப்பா போனபோதுகூட ஆம்பளை என்று அடக்கிக்கொண்டவன், அவள் மடியில் தலையை வைத்து வாய்விட்டு அழுதான். "உன்ற கையில மேக்னட்டைக் குடுத்ததும் நாந்தான் அம்மிணி. எல்லாம் நாந்தான்."

"பாக்கியத்தக்கா அப்பவே சொன்னாங்க. ஒரு கால்ல செருப்பில்லாம ஓடியாந்தீங்கன்னாங்க" என்றாள்.

டாக்டர் சொன்ன வழியை அவன் சொன்னபோது, முடியும்வரை கேட்டாள்.

"அழிச்சுட்டா, பாப்பா உங்ககிட்ட மட்டுந்தான் இருப்பாளுங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சுன்னா?"

அவன் சுவரோரம் சாய்த்திருந்த போர்டைப் பார்த்தான்.

"வேண்டாங்க" என்று காதுக்குப் பின்னால் கை வைத்துக்கொண்டாள். "இங்கயே இருக்கட்டும். நாளைக்கு நான் மறுபடி வாசல்ல நிப்பனுங்களா?"

"நிப்ப."

"இன்னிக்குப் பேசினது ஒண்ணும் ஞாபகம் இருக்காதுங்களா?"

"பாப்பா போனது இருக்காதுன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க."

"அப்ப நாளைக்குச் சொல்லாதீங்க. நான் கேட்டாலும் சொல்லாதீங்க. பட்டது போதும். முன்னால நீங்களா முடிவு பண்ணி மறைச்சீங்க. இப்ப நான் சொல்றேன், மறைங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா என்னை அங்க தனியா நிக்க விடாதீங்க" என்றாள்.

அவள் தூங்கக்கூடாது என்று அவனுக்கு இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சாதனா பிறந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். முதல் பல், முதல் வகுப்பு, சைக்கிளிலிருந்து விழுந்தது. கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள்.

*

காலையில் ஏணி போட்டுப் போர்டை மாட்டினான். வெளுத்த இடத்தில் அது சரியாக உட்கார்ந்தது. சைக்கிளையும் பையையும் இறக்கி இருந்த இடத்தில் வைத்தான். காபி கொண்டுவந்தவள் அண்ணாந்து பார்த்தாள். கண் இமை வீங்கியிருந்தது. ஏனென்று அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"போர்டைத் தொடச்சீங்களா? பளிச்சுனு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது சாயும்போது மேகம் கட்டியது. மருதாசலம் சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரைப் பாதியில் நிறுத்தினான். குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். சட்டை மாற்றினான். பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தான். கேட்டருகே பூஸ்ட் டம்ளரோடு நின்றவளின் பக்கத்தில் போய் நின்றான்.

"இன்னிக்கு என்னுங்க அதிசயம், வேலையை விட்டுட்டு வந்துட்டீங்க?"

"சும்மாதான்."

இரண்டு பேரும் முக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் இடித்தது. முதல் தூறல் அவள் டம்ளரில் விழுந்தது, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"மாமா, ஓடிப்போய்க் குடை எடுத்துட்டு வாங்க. பாப்பா நனைஞ்சிருவா."

அவன் ஒரு நிமிசம் அவளைப் பார்த்தான். அந்தச் சொல்லை இந்த ஐந்தாறு மாசத்தில் அவன் ஒரு தடவைகூட அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் அதைக் கவனிக்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதாசலம் உள்ளே போனான். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பெரிய குடையை எடுத்தான். பிறகு பட்டறைப் பரணில் ஏறி, பாப்பாவின் சின்னக் குடையையும் தேடி எடுத்துக்கொண்டு வந்தான்.